நாற்பத்தேழாம் எண் எச்சில்

மலாக்கா மாநிலத்து மெர்லிமாவில் வேலாயி அழுது பார்த்தவர் யாரும் இல்லை. இது பழிச்சொல் அல்ல, ஊரே ஒப்புக்கொண்ட தகவல். கணவர் நல்லமுத்துவின் இறுதிச் சடங்கன்று வீட்டுக்குள் பத்துப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்தபோது, வேலாயி வாசலில் நின்று வடிகாலைக் காட்டிப் பெட்டி தூக்கியவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "லோங்காங் ஓரம் பாசி புடிச்சிருக்கு. ரைட்டு பக்கமா ஒதுங்கிப் போங்க. அவரு நீங்க நெனைக்கிற மாதிரி லேசு இல்ல." நால்வரில் ஒருவர் ஒதுங்காமல் போய் வடிகாலில் காலை விட்டார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. வேலாயி அழவில்லை என்பதைப் பற்றித்தான் பதினாறாம் நாள்வரை பேசினார்கள். அன்று முதல் அவர் 'கல்லு வேலாயி'.

அவரது வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவரே அப்படித்தான் சொல்வார். ரப்பர் தோட்டத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் முடிப்பதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. குலையிலிருந்து சிதறும் உதிரிப்பழம் பொறுக்கினார். பிறகு தொழிற்சாலை பஸ் ஏறிச் செங்கிற்குப் போய், பதினொரு வருடம் மின்னணுச் சில்லுகளில் கண்ணுக்குத் தெரியாத கம்பிகளைக் கண்ணுக்குத் தெரியாத துளைகளில் ஒட்டினார். ஒருநாள் தொழிற்சாலை வேறு நாட்டுக்குக் குடிபோனது. வேலாயி மெர்லிமாவுக்குத் திரும்பினார். அதே வருடம் நல்லமுத்து செம்பனைக் குலை ஏற்றிய லோரியிலிருந்து விழுந்து முதுகெலும்பை முறித்துக்கொண்டார். ஆறு வருடம் படுக்கை.

அந்த ஆறு வருடத்தில் அவர் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. வீட்டுக்கு வந்து பார்க்கும் கிளினிக் நர்ஸ், ஊர் வழக்கில் மிஸ்ஸி, அவரைப் புரட்டிப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் புரட்டிப் பார்த்தார்.

"என்ன மருந்து போடுறீங்க அக்கா?"

"ஒரு மருந்தும் இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடுவேன்."

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியில முதுகு லீவு போடுதா?"

மிஸ்ஸி இதை நாலு வீட்டில் சொன்னார். நல்லமுத்து போன பிறகு வேலாயிக்கு அதுவே தொழிலாயிற்று: படுத்தவர்களைப் பார்த்துக்கொள்வது. ஊரார் அவரைக் கல் என்றார்கள். தங்கள் வீட்டில் யாராவது படுத்துவிட்டால் அந்தக் கல்லைத்தான் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஒன்பது வருடத்தில் ஐந்து பேர். ஐவரும் அவரவர் நேரத்துக்குச் செத்தார்கள், ஐவரும் புண்ணில்லாத முதுகோடு. இதைப் பற்றி வேலாயிக்கு இருந்த கர்வம் கொஞ்சமல்ல. அது அன்பா, தொழில் திமிரா என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது.

ஆறாவது ஆள் மலாக்கா நகரை ஒட்டிய ஆயர் குரோவில் இருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா, வயது எண்பத்தொன்று, யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம், ஆங்கிலப் பள்ளியொன்றின் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். இளகிய மனத்துக்குப் பேர்போனவர். பிரிவுபசார விழாக்களில் மைக்கைப் பிடிப்பதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்துவிடுவார். அவர் எழுதும் இரங்கல் கடிதங்களைச் சட்டம் போட்டு மாட்டியவர்கள் உண்டு; அப்படி ஒன்று கிடைப்பதாயிருந்தால் சாகலாம் என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. பக்கவாதம் வந்து வலது பக்கத்தையும் பேச்சையும் கொண்டுபோய், இரண்டே இரண்டு சொற்களை விட்டுவைத்தது. ஒன்று, 'ஆமாம்' என்பதற்கு அவர்கள் வீட்டில் வழங்கும் 'ஓம்'. இன்னொன்று, முப்பத்தைந்து வருடம் வகுப்பறை வாசல்களில் நின்று சொன்ன 'சைலன்ஸ்'. அழுகை மட்டும் குறையவில்லை. மூளையில் அடிபட்டவர்களுக்குக் காரணமில்லாமலும் கண்ணீர் வரும் என்றார் டாக்டர். பழைய மாணவர்கள் அதை ஏற்கவில்லை. சார் எப்போதும் அப்படித்தான் என்றார்கள்.

மகள் ரோகினி பல்கலைக்கழகத்தில் மரபியல் விரிவுரையாளர். நாற்பத்து நான்கு வயது, தனிக்கட்டை, அப்பாவோடு வாசம். அவரது ஆய்வே இரக்கத்தைப் பற்றியதுதான். ஒருவர் துன்பத்தைக் கண்டு இன்னொருவர் மனம் ஏன் கசிகிறது, அந்தக் கசிவில் எவ்வளவு பெற்றோர் வழியாக உடம்போடு வருகிறது, எவ்வளவு வளர்ப்பில் வருகிறது என்று அளப்பது. அளக்க முடியுமா என்றால், ஓரளவு முடியும். ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை உடம்பின் செல்கள் வாங்கிக்கொள்ள உதவும் மரபணு ஒன்று இருக்கிறது. அதில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் சிலருக்கு 'ஜி' என்ற எழுத்து, சிலருக்கு 'ஏ'. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இரண்டும் ஜி உள்ளவர்கள் கொஞ்சம் கூடுதலாக இளகுகிறார்கள் என்றன சில ஆய்வுகள். அப்படி ஒன்றுமில்லை என்றன வேறு சில. எல்லா மரபணுக்களையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில்கூட, மனிதருக்கு மனிதர் தெரிந்த வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அவற்றால் விளக்க முடிந்தது. 'இந்த ஓர் எழுத்தை வைத்துத் தனி மனிதர் குணத்தைச் சொல்ல இயலாது' என்று ரோகினியே தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார், தடித்த எழுத்தில்.

ரோகினிக்கு ஒரு ஜி, ஒரு ஏ. ஜி அப்பாவிடமிருந்து வந்தது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அம்மா பவானேஸ்வரி ஏழு வருடத்துக்கு முன் காலமானவர். கணவர் மேடையில் கண் கலங்கும்போது இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தவர். எத்தனை பேர் சாப்பிடாமல் வந்திருக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு அப்போது கவலை. ஏ எங்கிருந்து வந்தது என்று ஆய்வகம் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

ரோகினி உண்மையிலேயே இளகிய மனசுக்காரர். குடியிருப்புத் தாமானில் பூனை அடிபட்டால் மூன்று நாள் சோறு இறங்காது. அப்பாவுக்கு பேம்பர்ஸ் மாற்றும்போது அறையில் நிற்க முடியாது. அவருக்கு எவ்வளவு அவமானமாக இருக்கும் என்று நினைத்தவுடன் கண் நிறைந்து வாசலுக்கு வந்துவிடுவார். அப்பாவின் அவமானத்தை அப்பாவைவிட அதிகமாக உணர்ந்தார். அதனால் அப்பாவுக்கு எந்தப் பயனும் இல்லை. தம்பி பிரஷாந்த் மெல்பர்னில் இருந்தார். ஞாயிறுதோறும் வீடியோவில் அழுவார், அப்பாவும் அழுவார். இருவரும் முடித்ததும் வேலாயி போனைத் துடைத்து மேசையில் வைப்பார்.

வேலாயியின் முறை வேறு.

"ஐயா, வாயத் தொறங்க. தொறக்கலன்னா நான் போயிருவேன். அப்புறம் நீங்க செவத்துகிட்டதான் கஞ்சி கேக்கணும்."

"சைலன்ஸ்."

"நான் சைலன்ஸா இருந்தா நீங்க பட்டினி."

வாய் திறக்கும். நடுவில் அழுகை வந்தால் வேலாயி கரண்டியை அந்தரத்தில் பிடித்தபடி காத்திருப்பார். "அழுது முடிச்சிட்டீங்களா? சரி, முழுங்குங்க." ஆட்டிவைக்கும் அந்தக் குரல் ஐயாவுக்குப் பிடித்திருந்தது என்றே தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் அவர் பயன்படுத்திய குரல் அது, அடையாளம் தெரிந்திருக்கும்.

இப்படி ஏழெட்டு மாதம் போனது. அப்போதுதான் ரோகினியின் ஆய்வுக்கு ஒரு குறை வந்தது: ஐம்பது வயதைத் தாண்டிய தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் போதவில்லை. ஆய்வாளர் தம்மிடம் வேலை செய்பவர்களைச் சேர்க்கக் கூடாது என்று பல்கலைக்கழக ஆய்வு நெறிக்குழுவின் ஒன்பது பக்கப் படிவத்தில் ஆறாம் பக்கம் சொல்கிறது. அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்ததும் ரோகினிதான். ஆனால் வேலாயி சாப்பாட்டு மேசையின் எதிர்ப்பக்கத்திலேயே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அக்கா, இது ரொம்ப ஈஸி. நான் ஒரு வரி வாசிப்பேன். ஒத்துக்கிறீங்களா இல்லையான்னு சொன்னா போதும்."

"சரிம்மா. சீக்கிரம் வாசிங்க. பத்தே முக்காலுக்கு ஐயாவத் திருப்பணும்."

"'பிறர் அழுவதைக் கண்டால் எனக்கும் அழுகை வரும்.'"

"எதுக்கு? ரெண்டு பேரும் அழுதா அடுப்ப யாரு பாக்குறது?"

ரோகினி, 'முற்றிலும் மறுக்கிறேன்' என்ற கட்டத்தில் குறியிட்டார்.

"'நண்பர் தம் கவலையைச் சொல்லும்போது அதை என் கவலையாகவே உணர்கிறேன்.'"

"அவங்க கவல அவங்களுது. என்னா செய்யணும்னு சொன்னா செஞ்சிட்டுப் போறேன்."

மறுபடியும் அதே கட்டம். அறுபது வரிகளுக்குப் பிறகு படங்கள் வந்தன. முப்பத்தாறு ஜோடிக் கண்கள், எல்லாம் வெள்ளைக்காரர்களுடையவை. மூக்கும் வாயும் இல்லாமல் கண்ணை மட்டும் பார்த்து, அந்த ஆள் என்ன உணர்கிறார் என்று சொல்ல வேண்டும்.

"இவரு? ஏக்கம், சந்தேகம், கேலி, பயம். நாலுல ஒன்னு."

வேலாயி படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "கண்ணு மஞ்சளா இருக்கு. ஈரலப் பாக்கச் சொல்லுங்க."

"பதில்ல அது இல்ல அக்கா."

"பதில்ல இல்லன்னா ஈரல் நல்லாயிருமா?"

"சரி, இந்தம்மா? ஆசை, ஆணவம், சலிப்பு, சந்தோஷம்."

"மூணு நாளா தூங்கல. வீட்டுல யாரோ படுத்திருக்காங்க."

முப்பத்தாறில் பதினொன்றுதான் சரி. கடைசியாக ரோகினி ஒரு சிறிய பிளாஸ்டிக் குழாயை எடுத்து நீட்டினார். "இந்தக் கோடு வரைக்கும் எச்சில் துப்பணும். அவ்வளவுதான்."

வேலாயியின் முகத்தில் அன்று முதன்முறையாக ஓர் உணர்ச்சி தெரிந்தது. அதற்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.

"எச்சியா? அத வச்சு என்னா செய்வீங்க?"

"உங்க அப்பா அம்மாகிட்டேருந்து என்னென்ன வந்திருக்குன்னு அதுல பாக்கலாம் அக்கா."

"பாத்துட்டு?"

"ஃப்ரீசர்ல பத்திரமா வச்சிருப்போம். பத்து வருஷத்துக்கு."

வேலாயி குழாயை இரண்டு விரலால் வாங்கினார். "ஆள் முன்னால துப்ப கூச்சமா இருக்கும்மா" என்று சொல்லி ஐயாவின் அறைக்குள் போனார். அவரைத் திருப்பிப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது குழாய் கோட்டைத் தாண்டி நிறைந்திருந்தது. படித்தவர்களே இருபது நிமிடம் திணறும் காரியம். ரோகினி பாராட்டிவிட்டு, நாற்பத்தேழு என்ற ஸ்டிக்கரை ஒட்டினார்.

முதலில் அந்த ஓரிடத்தை மட்டும் பார்க்கும் சோதனை முடிந்தது. நாற்பத்தேழு: ஏ, ஏ. எந்த எண் யாருடையது என்று ஆய்வாளர் தேடிப் பார்க்கக் கூடாது. அது ஏழாம் பக்கம். ரோகினிக்குத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கேள்வித்தாளில் அடிமட்டம், கண்களில் அடிமட்டம், இப்போது எழுத்திலும் அடிமட்டம். 'தனி மனிதர் குணத்தைச் சொல்ல இயலாது' என்று எழுதியவர்தான். கட்டுரையில் எழுதியது கட்டுரைக்கு. வீட்டில் படுத்திருப்பது அப்பா.

அறையில் ஒரு கேமரா இருந்தது. வகுப்புகளுக்கு நடுவே போனில் பார்ப்பார். வேலாயி ஐயாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, உள்ளங்கையைக் குவித்து முதுகில் பட் பட்டென்று தட்டுவது மாதக்கணக்கில் பார்த்த காட்சி. சளி இளகுவதற்குத் தட்டுவது. இப்போது அதே காட்சி அடிப்பதுபோல் தெரிந்தது. ஐயா அழுதார். வேலாயி தட்டுவதை நிறுத்தவில்லை. விரிவுரை மண்டபத்துக்கு வெளியே நின்றபடியே ரோகினி பராமரிப்பாளர் ஏஜென்சி ஒன்றின் எண்ணைத் தேடினார்.

மறுநாள் காலை, ஒரு புடவையும் பழக்கூடையும் மேசையில் இருந்தன.

"அக்கா, உங்களுக்கும் வயசாகுதுதானே. கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க."

"எனக்கு ரெஸ்ட் வேணும்னு நான் சொல்லலியே."

"ஏஜென்சிலேருந்து ஒருத்தங்க வராங்க. ட்ரெய்னிங் எடுத்தவங்க."

வேலாயி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "நான் என்னா தப்பு செஞ்சேன்? அத மட்டும் சொல்லிட்டு அனுப்புங்கம்மா."

ரோகினிக்குக் கண் நிறைந்தது. "தப்பெல்லாம் ஒன்னுமில்லக்கா."

"அழாதீங்க. வேல போனது எனக்கு."

புடவையையும் பழத்தையும் தொடவில்லை. கதவருகே நின்று சொன்னது ஒன்றுதான். "வலது குதிகாலு லேசா சிவக்கப் பாக்குது. தலாணிய கெண்டக்காலுக்கு அடியில வைக்கணும், குதிகாலு மெத்தையத் தொடக் கூடாது. வர்றவங்ககிட்ட சொல்லிடுங்க." ரோகினி அதைப் போனில் குறித்துக்கொள்ளத் தொடங்கினார். அப்போது பிரஷாந்த் அழைத்தார்.

அந்த அழைப்பில் பிரஷாந்துக்கு விஷயம் தெரிந்தது. அப்பா இத்தனை நாள் யார் கையில் இருந்தார் என்று நினைத்து நெஞ்சு பதறி, சார் நலம் விசாரிக்கும் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் நாலு அழுமுகங்களோடு எழுதிவிட்டார். மலாக்கா சிறிய மாநிலம். செய்தி ஆயர் குரோவிலிருந்து மெர்லிமாவுக்கு, மோட்டாரில் போகிறவர் வேகத்தில்கூட அல்ல, அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. சேரும்போது வளர்ந்தும் இருந்தது: பல்கலைக்கழகமே டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டதாம், ரத்தத்திலேயே இரக்கம் இல்லையாம். அடுத்ததாக வேலாயிக்குச் சொல்லிவைத்திருந்த ஒரு வீட்டில், "வேணாம்லா, ஊர்ல நாலு விதமாப் பேசுறாங்க" என்றார்கள். இன்னொரு வீட்டில் போனை எடுக்கவே இல்லை. கல் என்பது பட்டப்பெயராக இருந்தவரை பிழைப்புக்கு இடைஞ்சல் இல்லை. விஞ்ஞானம் முத்திரை குத்திய பிறகு நிலைமை வேறு.

செங்கில் வேறொரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் மகன் திவாகர் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டே விட்டார். "ம்மா, அந்த டெஸ்ட்டு உண்மையா?"

"டெஸ்ட்டு உண்மதான்" என்றார் வேலாயி. மறுநாள், இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு, கோணியை எடுத்துக்கொண்டு ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு உதிரிப்பழம் பொறுக்கப் போனார்.

ஆயர் குரோவில் புது ஆள் திரேசா வந்து சேர்ந்திருந்தார். குரல் தேன். ஐயாவை 'அப்பா' என்றே அழைத்தார். கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பாடினார். ஐயா 'சைலன்ஸ்' என்றதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். ஐயா அழுதால் கூடவே அழுதார். கேமராவில் பார்த்த ரோகினிக்கு நெஞ்சு குளிர்ந்தது. கேமராவில் தெரியாத ஒன்று இருந்தது: ஐயா கண்ணயர்ந்துவிட்டால் திரேசா அவரைத் திருப்புவதில்லை.

"பாவம்லா, எவ்வளோ நல்லா தூங்குறாரு. எழுப்ப மனசே வரல ரோகினிக்கா."

ரோகினிக்கும் மனசு வராது. அதனால் அது நியாயமாகவே பட்டது. மூன்றாம் வாரம் காலுறையைக் கழற்றியபோது வலது குதிகாலில் ஐம்பது காசு நாணயத்தின் அகலத்துக்குப் புண். ரோகினி ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினார். திரேசா பின்னாலேயே ஓடினார். இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றினார்கள். உள்ளே ஸ்ரீஸ்கந்தராஜா தனியாக அழுதுகொண்டிருந்தார். அந்த வீட்டில் அன்று இரக்கத்துக்கு மட்டும் குறைவில்லை.

அதே வாரம் ஆய்வகத்தில் எல்லா எச்சிலுக்கும் முழுச் சோதனை முடிந்தது. ஆய்வக அதிகாரி மோகனா, ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்தவர், ஒரு தாளோடு ரோகினியின் அறைக்கு வந்தார்.

"டாக்டர், நாப்பத்தேழு ஆம்பள."

"என்ன?"

"லேபிள்ல பொம்பளன்னு இருக்கு. உள்ளுக்கு ஆம்பள."

"குழாய் மாறிப் போயிருக்கும். பக்கத்து நம்பரப் பாருங்க."

"பாத்துட்டேன், மாறல." மோகனா கதவைச் சாத்தினார். "மெஷின் சரியா இருக்கான்னு பாக்க உங்க எச்சியும் போட்டோம்லா? நாப்பத்தேழும் நீங்களும் சரிபாதி ஒத்துப் போவுது. அப்பா, மக."

ரோகினி தாளை வாங்கிப் பார்த்தார். "எங்கப்பாகிட்ட நாங்க எடுக்கவே இல்லையே. அவரால சம்மதம் சொல்ல முடியாது." அது எட்டாம் பக்கம்.

"ஊரே பேசுதே, உங்க வீட்டுல வேல பாத்த ஆன்ட்டி, அவங்க குழாய எங்க வச்சு நெரப்புனாங்க?"

"அப்பா ரூம்ல."

மோகனா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "சாரி டாக்டர். எங்கம்மாவும் குடுக்க மாட்டாங்க. எச்சி, முடி, நகம், இந்த மூணும் அடுத்தவங்க கைக்குப் போனா செய்வினை வச்சிருவாங்கன்னு பயம். சலூன்ல வெட்டுன முடியவே பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டாந்துருவாங்க. நீங்க வேற பத்து வருஷம் ஃப்ரீசர்ல வைப்போம்னு சொல்லியிருப்பீங்க."

"சொன்னேன்."

"அப்ப முடிஞ்சிச்சு."

பக்கவாதக்காரரின் வாயோரத்தில் எச்சில் ஓயாமல் வழியும். அதைத் துடைப்பது வேலாயிக்கு நாள் முழுக்க உள்ள வேலை. அன்று துணிக்குப் பதில் கரண்டி. அவ்வளவுதான் நடந்தது.

மோகனா போன பிறகு ரோகினி ஒரு கணக்குப் போட்டார். மரபியல் முதலாண்டு மாணவருக்குக் கொடுக்கும் கணக்கு. அப்பாவுக்கு இரண்டும் ஏ. அப்படியானால் அப்பா கொடுத்திருக்கக்கூடியது ஏ மட்டுமே. தம்மிடம் உள்ள ஒரே ஜி, இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கடிகாரம் பார்த்தவரிடமிருந்து வந்தது. இந்த ஓர் எழுத்து ஒருவர் குணத்தைச் சொல்லாது என்பது அப்போது ரோகினிக்குத் திடீரென்று மிகத் தெளிவாக நினைவுக்கு வந்தது. அப்பாவுக்கு என்று வரும்போது அந்த வரி எவ்வளவு சரியாகப் பட்டது!

மத்தியானமே காடியை ஓட்டிக்கொண்டு மெர்லிமாவுக்குப் போனார். வேலாயி வீட்டு முன்னால் குந்தி உட்கார்ந்து, கோணியிலிருந்த உதிரிப்பழத்தில் சருகு பொறுக்கிக்கொண்டிருந்தார். ரோகினியைக் கண்டதும் கையுறையைக் கழற்றினார், எழுந்திருக்கவில்லை.

"அக்கா, அந்த எச்சில்..." என்று தொடங்கினார் ரோகினி.

"தெரிஞ்சிருச்சா?"

"ஊரெல்லாம் உங்களப் பேசுச்சே. அது என் எச்சி இல்லன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"சொல்லி? அப்ப யாருதுன்னு கேப்பாங்க. ஐயாவுக்குத்தான் இரக்கம் இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா? படுத்துக் கெடக்குற மனுசன், வாயத் தொறந்து இல்லன்னு சொல்லக்கூட முடியாது." கோணியின் வாயைச் சுருக்கிக் கட்டினார். "பொய்யி செஞ்சது நானு. என்னோட போவட்டும்."

ரோகினி அழுதார். "நான் எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடுறேன் அக்கா. குழுவுல எழுதிடுறேன்."

"எழுதுனீங்கன்னா நான் வர மாட்டேன்."

வருவதாக இருந்தார் என்பதே அப்போதுதான் ரோகினிக்குத் தெரிந்தது.

"அப்பாவுக்குக் குதிகால்ல..."

வேலாயி சடக்கென்று எழுந்தார். முகம் மாறிவிட்டது. வேலை போன அன்றுகூட இவ்வளவு கோபம் அந்த முகத்தில் இல்லை. "புண்ணா? எவ்வளோ பெருசு? இருவது காசா, அம்பது காசா?"

"அம்பது காசு."

"தோலு உரிஞ்சிருச்சா? நாத்தம் இருக்கா?"

"நான்... சரியா பாக்கலக்கா. பாக்க முடியல."

"பாக்க முடியலயா!" வேலாயி உள்ளே போய்த் துண்டும் மாற்றுப் புடவையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு வந்தார். "எட்டு மாசம் என் கைல இருந்த ஒடம்பு. ஒரு கொப்புளம் வந்திருக்குமா? காடியத் தொறங்க. ரெண்டு விஷயம். எச்சி குடுக்க மாட்டேன். அப்புறம், நான் புண்ணு கழுவையில நீங்க உள்ளுக்கு நின்னு காலப் புடிக்கணும். வாசலுக்கு ஓடுற வேல வேணாம்."

பிற்பாடு ஆய்வுப் பட்டியலிலிருந்து நாற்பத்தேழாம் எண் நீக்கப்பட்டது. காரணம் என்ற கட்டத்தில் 'மாதிரி கலப்படம்' என்று எழுதினார்கள். ஆகவே வேலாயியின் உடம்பில் ஜி இருக்கிறதா, ஏ இருக்கிறதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மெர்லிமாவுக்கு மட்டும் தெரியும். அங்கே அவர் இன்னமும் சோதித்து உறுதி செய்யப்பட்ட கல்தான். போனை எடுக்காமலிருந்த வீட்டில் மாமனார் குளியலறையில் விழுந்த பிறகு மூன்று தடவை அவர்களே கூப்பிட்டார்கள். கை ஒழியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்று ஆயர் குரோவுக்குப் போய்ச் சேர்ந்ததும் வேலாயி முழங்கைவரை கை கழுவினார். திரேசாவிடம், "நீ தண்ணி சூடு பண்ணு தாயி, பாட்டு அப்புறம்" என்றார். அறைக்குள் நுழைந்தவரைக் கண்டதும் ஸ்ரீஸ்கந்தராஜாவின் உதடு கோணி, கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. வேலாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று காத்திருந்தார்.

"அழுது முடிச்சிட்டீங்களா ஐயா?"

"ஓம்."

"சரி, திரும்புங்க."

ரோகினி காலைத் தூக்கிப் பிடித்தார். முகம் ஜன்னல் பக்கம் போனது.

"எங்க பாக்குறீங்க? ஜன்னல்லயா புண்ணு இருக்கு? இங்க பாருங்கம்மா. நாளைக்கி நான் இல்லன்னா யாரு கழுவுறது?"

ரோகினி பார்த்தார். கண் நிறைந்தது. இரண்டு கையும் காலில் இருந்ததால் துடைத்துக்கொள்ள வழியில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா, என்னை மன்னிச்சிடுங்கோ, நான் உங்களை..." என்று தொடங்கினார்.

"சைலன்ஸ்" என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

"கேட்டீங்கல்ல?" வேலாயி தலை நிமிரவில்லை. "கால இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க."